எதிரொலி ஒன்று போதும்: ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறையை வாசிக்க

கோவை கல்லூரி விழாக்களில் ‘ஜானி பி. குட்’ வாசிக்காத கிடார்க்காரர் குறைவு. அதன் நடையைப் பிடித்து வாசிப்பவர் அதைவிடக் குறைவு. விரல் வேகமெல்லாம் நம்ம பசங்களுக்கு நிறையவே இருக்குதுங்க. டிஸ்டார்ஷனை (ஒலியின் கரகரப்பை) முக்கால்வாசிக்கு ஏற்றி, டிலேயில் நாலைந்து எதிரொலி விட்டு, டிரம்ஸும் கிடாரும் ஒரே கோட்டில் ஓடினால் 1958-ல் சிகாகோவில் பதிவான பாட்டு எண்பதுகளின் ஹெவி மெட்டலாகிவிடுகிறது. முதல் தலைமுறைக்காரர்களிடம் இருந்த சாமான் ரொம்பக் கொஞ்சம்: ஒரு சின்ன வால்வ் ஆம்ப், ஒன்றிரண்டு மைக், டேப் மெஷின். அந்தச் சத்தத்தின் உயிர் சில மில்லி விநாடி இடைவெளிகளில் இருக்கிறது. அதைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன். பொள்ளாச்சியிலோ கோபியிலோ உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கு உதவும்.

கிடார் சதுஸ்ரம், டிரம்ஸ் திஸ்ரம்

‘ஜானி பி. குட்’டைப் பாடி வாசித்த சக் பெரியின் வலது கை ஒவ்வொரு அட்சரத்தையும் சரிபாதியாக வெட்டும். அதே நேரத்தில் பின்னால் டிரம்ஸில் ஃப்ரெட் பிலோவும் டபுள் பாஸில் வில்லி டிக்சனும் ஜாஸ், ப்ளூஸ் பழக்கத்தில் ஷஃபிளாகப் போய்க்கொண்டிருப்பார்கள். நம் கணக்கில் சொன்னால் கிடார் சதுஸ்ரம் (இரண்டு, நாலாக வெட்டுவது), டிரம்ஸ் திஸ்ரம் (மூன்றாக வெட்டுவது). ‘தகிட’வில் நடுவில் இருக்கிற ‘கி’யை விழுங்கிவிட்டு ‘த-ட, த-ட’ என்று தட்டினால் அதுதான் ஷஃபிள்.

நிமிடத்துக்கு 160 அட்சரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அட்சரம் 375 மில்லி விநாடி. கிடாரின் இரண்டாவது தட்டு 187-ல் விழும். ஷஃபிளின் இரண்டாவது தட்டு 250-ல் விழும். இடையில் இருக்கிற அறுபது சொச்சம் மில்லி விநாடி உரசல்தான் பாட்டைத் துள்ள வைக்கிறது. இரண்டு பேரும் சரிபாதிக்கு வந்துவிட்டால் துள்ளல் போய்விடும். இரண்டு பேருமே ஷஃபிளுக்குப் போனால் அது நாற்பதுகளின் ஜம்ப் ப்ளூஸ் ஆகிவிடும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இது இல்லை.

இந்த விஷயத்தில் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வள்ளி கும்மி இப்போது ஊர் ஊராக நடக்கிறது, கும்மிப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை. கும்மிக்குக் கை தட்டி வளர்ந்த டிரம்மருக்கு ஷஃபிளைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடுமாறுவது கிடார்க்காரர்தான். பக்கத்தில் திஸ்ரம் கேட்டதும் கை தானாக அதற்குள் இழுபட்டுவிடும். பழகும் வழி இதுதான்: மெட்ரோனோமை 80-ல் வைங்க. ஒருவர் காலில் அட்சரமும் கையில் ‘த-ட’வும் போடட்டும். கிடார்க்காரர் வாயால் ‘தக தக’ என்று சொல்லிக்கொண்டே வாசிக்கட்டும். ஐந்து நிமிடம் நழுவாமல் நின்றால் பத்து ஏற்றுங்க. 120-ஐத் தாண்டினதும் வாய் நின்றுபோகும், உடனே கையும் நழுவும். அப்போது 100-க்கு இறங்கி மறுபடி ஏறி வருவதைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது. ஆக்டோபேடில் (மின்னணு டிரம் பலகையில்) இருக்கும் ரெடிமேட் லூப்பை ஓடவிட்டுப் பழக வேண்டாம். அதில் ஊசலாட்டம் ஒரே அளவில் உறைந்து கிடக்கும். ஆள் வாசிக்கும்போது வருகிற முன்பின் அதில் வராது.

இந்த மோதல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நல்ல சாட்சி நியூ ஆர்லியன்ஸ் டிரம்மர் எர்ல் பால்மர். பாடகர் லிட்டில் ரிச்சர்ட் பியானோவில் வலது கையால் எட்டெட்டாகச் சரிபாதி போட்டு இடித்துக்கொண்டிருந்தார், அதற்கு எதிராக ஷஃபிள் வாசிப்பது கஷ்டமாக இருந்தது, அதனால் தானும் அந்தப் பக்கம் மாறினேன் என்று பால்மர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 செப்டம்பரில் காஸிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டுடியோவில் ‘டுட்டி ஃப்ரூட்டி’ பதிவான காலம் அது. இன்று உலகமெங்கும் ‘ராக் பீட்’ என்று சொல்வது பெரிய பங்குக்கு அந்த ஊர்ப் பியானோக்காரர்களின் வலது கையிலிருந்து டிரம்ஸுக்கு இறங்கினதுதான்.

பெரியின் சுருதிகளும் பியானோவிலிருந்து வந்தவைதான். 1952 டிசம்பர் 31 இரவு பியானோக்காரர் ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் ஒரு ஆள் வர முடியாமல் போனதால் உள்ளே வந்தவர் பெரி. 1955 மே 21-ல் செஸ் ரெக்கார்டு கம்பெனிக்காக ‘மேபலீன்’ பதிவானபோதும் பியானோ ஜான்சன்தான். பி ஃபிளாட், ஈ ஃபிளாட் எல்லாம் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் வாகான இடம். கிடாரில் ஓபன் கம்பி ஒன்றுகூட சரியாக உதவாது. ‘ஜானி பி. குட்’ பி ஃபிளாட்டில் இருக்கிறது. ஆறாவது கம்பி 6-வது ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரல், ஐந்தாவது கம்பி 8-வது ஃப்ரெட்டில் மோதிர விரல். அதே ஐந்தாவது கம்பியில் சுண்டு விரல் 10-வது ஃப்ரெட்டுக்குப் போய்ப் போய் வர வேண்டும். பெருவிரலைக் கழுத்தின் மேல் விளிம்பில் தொங்கவிட்டால் இந்த நீட்டல் வராது. பெருவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவுக்கு இறக்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சுண்டு விரல் எட்டும். முன்கை இறுகி எரிய ஆரம்பித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்க.

கை சின்னவர்கள் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) போட்டு ஏ வடிவத்தில் ரிதம் வாசிக்கலாம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கார்டு வரிசை பன்னிரண்டு பார் (ஒரு பாருக்கு நாலு அட்சரம்): சட்ஜம் நாலு, சுத்த மத்யமம் இரண்டு, சட்ஜம் இரண்டு, பஞ்சமம் இரண்டு, சட்ஜம் இரண்டு. பழைய ப்ளூஸ் பழக்கத்தில் பத்தாவது பாரில் மத்யமத்துக்கு இறங்கிவிடுகிறவர்கள் நிறைய. இந்தப் பாட்டில் ஒன்பதும் பத்தும் பஞ்சமம்தான். கீபோர்டுக்காரர் ஒரு பக்கமும் பாஸ்காரர் ஒரு பக்கமும் போய் மேடையில் அசிங்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு பாரில்தான்.

பாட்டின் முதலில் வரும் அந்தப் புகழ்பெற்ற கிடார்த் துண்டு, லூயி ஜோர்டன் குழுவில் இருந்த கார்ல் ஹோகன் 1946-லேயே வாசித்த ஒன்றின் வழி வந்தது. பெரியே இதை மறைத்ததில்லை. இரண்டு கம்பியைச் சேர்த்து அடிக்கும் இடங்களில் கீழ்க்கம்பியை மட்டும் கொஞ்சம் வளைத்துத் தள்ளுவது அவர் சேர்த்த காரம்.

ஐந்து அடி

போ டிட்லி 1928-ல் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். 1955-ல் தன் பெயரையே பாட்டுக்கு வைத்து வெளியிட்ட முதல் ரெக்கார்டில் இருக்கும் தாளம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்து கியூபா வழியாகவும், உடம்பில் தட்டி வாசிக்கும் ‘ஹாம்போன்’ வழியாகவும் புழங்கி வந்த பழைய தாளம். மேலை நாட்டுப் பாடப் புத்தகங்கள் இதைப் புள்ளி போட்ட நோட்டுகளாக எழுதி மிரட்டும். சொற்கட்டில் சொன்னால் ஒரு நிமிட வேலை:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, மொத்தம் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் ‘த’வில் மட்டும் அடி. அவ்வளவுதாங்க.

தப்பு வருகிற இடம் நாலாவது அடி. அது பதினாறில் பதினோராவது. கை சும்மா இருக்காமல் அதை ஒன்பதாவதுக்கு, அதாவது மூன்றாவது அட்சரத்தின் தலைக்கு இழுத்துவிடும். இழுத்தால் தாளம் செத்தது. இன்னொன்று, டிரம்மர் பழக்கதோஷத்தில் இரண்டிலும் நாலிலும் ஸ்னேரை அறைவது. அந்த முதல் ரெக்கார்டில் சிம்பல் ஓசை எழவே எழாது, டாம்தான் உருளும். மேலே ஜெரோம் கிரீனின் மராக்கஸ் இடைவிடாமல் ஓடும். மராக்கஸ் கிடைக்காவிட்டால் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு பச்சைப்பயறு போட்டுக் குலுக்கலாம். பாதிக்கு மேல் போட்டால் சத்தம் மழுங்கிவிடும். கிடாரில் அவர் வைத்தது ஓபன் ஈ ட்யூனிங் (வெறுங்கம்பிகளை அடித்தாலே ஈ கார்டு வரும்), கூடவே ட்ரெமலோ (சத்தத்தைச் சீராக ஏற்றி இறக்குவது). ட்ரெமலோ வேகத்தைப் பாட்டு வேகத்தோடு பொருத்தாவிட்டால் அதன் தாழ்வான இடத்தில் விழுகிற அடி காணாமல் போகும். கார்டு மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. ‘போரடிக்குமே’ என்று நாலு கார்டு சேர்ப்பவர்கள் தயவுசெய்து வேறு பாட்டு எடுங்க.

பட்டி ஹாலியின் ‘நாட் ஃபேட் அவே’யில் இதே ஐந்து அடியை அவர் குழு டிரம்மர் ஜெரி ஆலிசன் அட்டைப்பெட்டியில் வாசித்தார். ஹாலி குழு போன இடம் நியூ மெக்சிகோவில் கிளோவிஸ் என்கிற சிற்றூரில் இருந்த நார்மன் பெட்டியின் ஸ்டுடியோ. மற்ற இடங்களில் மணிக் கணக்கில் வாடகை, பெட்டி பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். கடிகாரம் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க நேரம் கிடைத்தது. அட்டைப்பெட்டி, தொடையில் தட்டும் தாளம், செலஸ்டா (மணியோசை தரும் சின்னப் பியானோ) எல்லாம் ரெக்கார்டில் ஏறியது அந்தத் தாராளத்தால்தான். ‘பெக்கி சூ’வில் ஹாலியின் வலது கை கீழ்நோக்கிய அடி மட்டுமே போடுகிறது, ஓயாமல். சோலோ வரும் நேரத்தில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காயில்) ஸ்விட்சைத் தட்ட அவர் கை எடுத்தால் ரிதம் அறுந்துவிடும். அதனால் இன்னொரு கிடார்க்காரரான நிக்கி சல்லிவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சோலோ தொடங்கும்போது ஸ்விட்சைத் தள்ளி, முடிந்ததும் திருப்பித் தள்ளினார். குழுவின் ரிதம் கிடார்க்காரர் அந்தப் பாட்டில் செய்த வேலை அவ்வளவுதான்! இதை வாசிக்கிறவர்கள் முழங்கையிலிருந்து அடித்தால் இரண்டாவது சரணத்துக்குள் கை விழுந்துவிடும். மணிக்கட்டு மட்டும் ஆட வேண்டும், பிக் கம்பிக்குள் ஒன்றிரண்டு மில்லி மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.

மெம்ஃபிஸ் எதிரொலியும் மண்டபச் சுவரும்

மெம்ஃபிஸில் 706 யூனியன் அவென்யூ முகவரியில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய ஸ்டுடியோ 1950-ல் திறந்தது. 1954 ஜூலை 5-ல் அங்கே எல்விஸ் பிரெஸ்லி, ஸ்காட்டி மூர், பில் பிளாக் மூன்று பேரும் ‘தட்ஸ் ஆல் ரைட்’ பதிவு செய்தபோது டிரம்மரே கிடையாது. பில் பிளாக் டபுள் பாஸின் கம்பியை இழுத்து விட்டு, உள்ளங்கையால் விரல் பலகையில் அறைந்த சத்தம்தான் டிரம்ஸ். ஒன்றிலும் மூன்றிலும் சுரம், இரண்டிலும் நாலிலும் அறை. இங்கே டபுள் பாஸ் கிடைப்பது அரிது. பாஸ் கிடாரில் ஃபிளாட்வூண்ட் கம்பி போட்டு, பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு அங்குல ஸ்பான்ஜ் துண்டைச் செருகி, டிரம்மரை ஸ்னேர் விளிம்பில் குச்சியைக் கிடத்தித் தட்டச் சொன்னால் முக்கால்வாசி கிட்டே வரும்.

ஃபிலிப்ஸின் எதிரொலி எப்படி வந்தது? பதிவாகிற ஒலியின் ஒரு பங்கை இரண்டாவது ஆம்பெக்ஸ் டேப் மெஷினுக்கு அனுப்புவார். அதில் ரெக்கார்டிங் ஹெட் எழுதியதை, சற்றுத் தள்ளியிருக்கும் பிளேபேக் ஹெட் படித்துத் திருப்பி அனுப்பும். டேப் அந்த இடைவெளியைக் கடக்க ஆகும் நேரமே எதிரொலி நேரம். இடைவெளி 2 அங்குலம், வேகம் விநாடிக்கு 15 அங்குலம் என்று வைத்தால் 133 மில்லி விநாடி. பாதி வேகத்தில் ஓட்டினால் 267, அது இந்தப் பாட்டுகளுக்கு ஆகாது. முன்சொன்ன 160 வேகத்தில் ஒரு அட்சரத்தின் மூன்றில் ஒரு பங்கு 125 என்பதைக் கவனிங்க. எதிரொலி ‘தகிட’வில் விழுங்கின அந்த ‘கி’யின் பக்கத்தில் போய் விழுகிறது. மூன்று பேர் வாசித்தாலும் ஆள் நிறைந்த மாதிரி கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிலே பெடலில் நேரம் 120 முதல் 140 வரை. ஃபீட்பேக் சுழியத்தில், அதாவது ஒரே ஒரு எதிரொலி. மிக்ஸ் மூன்றில் ஒரு பங்கு. டோன் குமிழ் இருந்தால் உச்ச ஒலியைக் குறைத்து வைங்க, டேப்பில் திரும்பி வருவது எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இரண்டு எதிரொலி விட்டால் சொற்களும் சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேறாகும்.

பெடலையே அணைக்க வேண்டிய இடமும் உண்டு, நம்ம ஊர்க் கல்யாண மண்டபம். டைல்ஸ் தரை, உயரமான கான்கிரீட் கூரை, மொட்டைச் சுவர். மேடையிலிருந்து பின்சுவர் 20 மீட்டர் என்றால் ஒலி போய்த் திரும்ப 40 மீட்டர். நம்ம சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், ஆக 115 மில்லி விநாடியில் சுவரே எதிரொலியைத் திருப்பித் தருகிறது. அதற்கு மேல் பெடலும் போட்டு, மிக்ஸர்க்காரர் பாட்டு மைக்கிலும் ஒன்று விட்டால் டிரம்மர் எதைக் கேட்டு வாசிப்பார்? அட்சரம் தெரியாமல் மெல்ல மெல்ல இழுபட்டு, பாட்டு முடியும்போது வேகம் குறைந்திருக்கும். கூட்டம் நிறைந்தால் எதிரொலி பெருமளவு அமுங்கிவிடும். காலி மண்டபத்தில் சவுண்டு செக் செய்த அளவை அப்படியே நம்பாதீங்க.

நிஜ டேப் எக்கோ வேண்டும் என்று பழைய அமெரிக்க மெஷினை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ்தான் சரியாகும், 60 ஹெர்ட்ஸ் வராது. சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதனால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 15 அங்குலம் பன்னிரண்டரை ஆகும், 133 மில்லி விநாடி 160 ஆகும். மோட்டார் சூடும் கூடும். வேகத்தை ஈடுகட்ட, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டின் விட்டத்தை 20 சதவீதம் கூட்ட ஒரு ஸ்லீவ் போட வேண்டும்: 8 மி.மீ. என்றால் 9.6 மி.மீ. கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் வட்டம் நூறில் ஒரு மில்லி மீட்டருக்கு மேல் தப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க, தப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி நடுங்கும்.

மேடையில் இதே வேலைக்கு ஸ்காட்டி மூர் 1955-ல் வாங்கியது எக்கோசானிக் என்ற ஆம்ப். இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ரே பட்ஸ் ஆம்புக்குள்ளேயே டேப் சுழலைப் பொருத்திக் கையால் செய்தவை அவை. அதே ஆண்டு நவம்பரில் ஃபிலிப்ஸ் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ.வுக்கு 35,000 டாலருக்கு விற்றார். அடுத்த ஜனவரியில் நாஷ்வில்லில் பதிவு செய்த பெரிய கம்பெனி, எதிரொலிக்குக் கட்டடத்தின் நடைகூடத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஆம்ப், கம்பி, காயில்

டிஸ்டார்ஷன் அன்று விபத்தில் வந்தது. 1951 மார்ச்சில் ஐக் டர்னர் குழு ‘ராக்கெட் 88’ பதிவு செய்ய மெம்ஃபிஸ் வந்தபோது வழியில் அடிபட்ட ஆம்பின் ஸ்பீக்கர் கோன் கிழிந்திருந்தது. ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். 1958-ல் லிங்க் ரே ‘ரம்பிள்’ பாட்டுக்காகப் பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். இதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்பீக்கரைக் குத்த வேண்டாம், கோன் மாற்றுகிற செலவு வீண். மாடலிங் ஆம்பில் ‘ட்வீட்’ என்று இருப்பதை எடுத்து, மெதுவாக அடித்தால் தெளிவாகவும் ஓங்கி அடித்தால் மட்டும் கரகரப்பாகவும் இருக்கும் இடத்தில் கெயினை நிறுத்துங்க. அன்றைய ஆம்பின் சக்தி 15 வாட் சுமார். அந்தக் கரகரப்பு வலது கையின் பலத்தில் இருந்தது, குமிழில் இல்லை.

கம்பியில் பொதுவாகக் கடையில் கொடுப்பது 10-46 செட் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அந்தக் காலத்தில் 12, 13 தடிமன், மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பி. வளைக்கவே வராது. பாடகரும் கிடார்க்காரருமான எட்டி காக்ரன் அந்த மூன்றாவதை எடுத்துவிட்டு மெல்லிய வெறுங்கம்பி போட்டார். இங்கிலாந்துக் கிடார்க்காரர்கள் அவர் 1960-ல் வந்தபோது இதைப் பார்த்துத்தான் கற்றார்கள். பெரியின் ரிதத்துக்கு 11-49 போதும். தடித்த கம்பி மாற்றினதும் கழுத்து கொஞ்சம் முன்னால் வளையும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்க.

காக்ரன் தன் கிரெட்ஷ் கிடாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு கிப்சன் பி-90 மாட்டியிருந்தார். ஸ்காட்டி மூரின் இ.எஸ்.-295, பெரியின் ஆரம்பகால கிடார் எல்லாமே பி-90 வகைதான். பழுதான பி-90-ஐ மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்துச் சுற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பம்ப்செட் கடையில் இருக்கும் கம்பி இதற்குத் தடி. இதற்கு வேண்டியது 42 கேஜ், 0.063 மி.மீ., சுமார் 10,000 சுற்று. ரிலே காயில் சுற்றுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்க. அளவு சரியாக இருந்தால் மல்டிமீட்டரில் 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். ரொம்ப இழுத்துச் சுற்றினால் கம்பி நீண்டு மெலியும், மின்தடை ஏறும், அறுபடவும் செய்யும். தளர்ந்தால் ஆம்ப் சத்தம் கூட்டியதும் காயில் கீச்சிடும். கீச்சலைத் தடுக்க பாரஃபின் மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து 65 டிகிரியில் முக்கி எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடி அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். 70 தாண்டினால் பிளாஸ்டிக் பாபின் கோணும்.

ஒற்றைக் காயில் என்பதால் பி-90 சீரியல் செட், டிம்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கும். அது தொல்லை மட்டும்தான். ஆபத்து எர்த்தில் இருக்கிறது. மண்டபத்தில் மேடையின் இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ், அந்தப் பக்கம் ஒரு ஃபேஸ், எர்த் பின் பல இடத்தில் பொம்மை. பாடுகிறவர் கையில் கிடார் கம்பி, உதட்டில் மைக். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டிலிருந்து எடுங்க. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் தொடுங்க. ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாட வேண்டாம். இரைச்சல் போக எர்த் பின்னை உடைப்பவர்களை மேடைக்கே விடாதீங்க. 1972-ல் ஸ்வான்சி மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார்க்காரர் மைக்கைத் தொட்டுச் செத்தது இப்படித்தான்.

பணமும் பெயரும் யாருக்குப் போனது

பில் ஹேலி குழுவின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ 1954 ஏப்ரல் 12-ல் பதிவானது. அந்த மின்னல் சோலோவை வாசித்த டேனி செட்ரோன் வாங்கிய கூலி 21 டாலர். இரண்டு மாதத்தில் படிக்கட்டில் விழுந்து இறந்தார். பாட்டு முதலிடத்துக்கு வந்தது 1955 ஜூலையில். ‘மேபலீன்’ ரெக்கார்டில் எழுதியவர் என்று பெரியோடு இன்னும் இரண்டு பெயர். ஒருவர் ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ. முழு உரிமை பெரிக்குத் திரும்பியது 1986-ல். லிட்டில் ரிச்சர்ட் ‘டுட்டி ஃப்ரூட்டி’ உரிமையை 50 டாலருக்குக் கொடுத்தவர், ரெக்கார்டு ஒன்றுக்கு அரை சென்ட்தான் ராயல்டி. எல்விஸின் முதல் ரெக்கார்டான ‘தட்ஸ் ஆல் ரைட்’டை எழுதிய ஆர்தர் கிரூடப் உரிய பணத்துக்குச் சண்டை போட்டபடியே 1974-ல் இறந்தார். இவர்கள் எல்லாருக்கும் முன்பே 1944-ல் மின்கிடாரைத் தூக்கிக்கொண்டு தேவாலயப் பாட்டைத் துள்ளவிட்ட சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1973-ல் இறந்து, பல பத்தாண்டுகள் கல்லறைக்குக் கல் இல்லாமல் கிடந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது 2018-ல். பெரியின் பாட்டு 1977-லேயே வாயேஜர் விண்கலத்தில் ஏறிவிட்டது.

பெரி பிற்காலத்தில் முன்பணமாக ரொக்கம் வாங்காமல் மேடை ஏறமாட்டார். குழு வைத்துக்கொள்ளாமல் அந்தந்த ஊர்ப் பசங்களை ஒத்திகையில்லாமல் பின்னால் நிறுத்துவார். கஞ்சத்தனம் என்று எழுதுகிறவர்கள் மேலே இருக்கிற பத்தியை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம். அந்த ரொக்கப் பழக்கமே 1979-ல் அவரை வருமான வரி வழக்கில் சிறைக்கும் அனுப்பியது.

பட்டி ஹாலி 1959 குளிர்காலச் சுற்றுப்பயணத்துக்குப் போனதும் பணமுடையில்தான். பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யாமல் டிரம்மருக்குக் கால் பனியில் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிப்ரவரி 3 அதிகாலை ஐயோவாவின் கிளியர் லேக் அருகே விழுந்த பீச்கிராஃப்ட் பொனான்சாவில் ஹாலிக்கு 22, ரிச்சி வாலன்ஸுக்கு 17, பைலட்டுக்கு 21 வயது. பைலட் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தகுதி பெறாதவர். அந்த விமானத்தில் இருந்த ஸ்பெரி வகைக் கருவி மேலே கீழே சாய்வதை வழக்கமான கருவிக்கு நேர்மாறாகக் காட்டும். ஏறுகிறோம் என்று நினைத்து இறங்கியிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

‘பெக்கி சூ’ முதலில் வெளிவந்தபோது எழுதியவர்கள் பெயரில் ஹாலி இல்லை, ஆலிசனும் பெட்டியும்தான். ஹாலி பின்னர்தான் சேர்க்கப்பட்டார். பெயர் இருப்பது இல்லாதது இன்றும் கணக்கை மாற்றும். இந்தியச் சட்டப்படி பாட்டின் பதிப்புரிமை எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு. கூட்டாக எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரிலிருந்து. ஆலிசன் இறந்தது 2022-ல்தான்.  ஒலிப்பதிவுக்கு மட்டும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

மேடைக்குப் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது: கல்யாண விசேஷத்தில் வாசிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கல்லூரிக்குள் அங்குள்ள மாணவரோ ஆசிரியரோ வாசித்து, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் கேட்கும்போதும் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு வெளியாட்களை விட்டால் இல்லை, உரிமம் வாங்க வேண்டும். கவர் (பிறர் பாட்டை மறுபடி) பாடிப் பதிவு வெளியிடுவதானால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டு கடந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி முன்பணமாகக் கட்ட வேண்டும். சொந்தப் பாட்டு எழுதுகிற குழுவாக இருந்தால் வரி யாருடையது, மெட்டு யாருடையது, சதவீதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ரெக்கார்டிங்குக்கு முந்தின நாளே செய்துவிடுங்க. பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது ரொம்பக் கஷ்டம்.